பறங்கிப் புண்ணும் பாதி வைத்தியமும்

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். வழக்கமா கிரிக்கெட், ஆன்சைட்னு மொக்கை போடுறவன், அன்னைக்கு ரொம்ப நேரம் எதுவுமே பேசலை. அப்புறம் மெதுவா, "மச்சான், ரத்த டெஸ்ட்ல சிபிலிஸ்னு வந்திருக்குடா. டாக்டர் ஊசி போட்டுட்டார். சரியாயிடுமாம். ஆனா அவளையும் கூட்டிட்டு வரச் சொல்றார். எனக்குத்தான் ஊசி போட்டாச்சே, அவகிட்ட எதுக்குடா சொல்லணும்?"னு கேட்டான்.

பொட்டி தட்டுறவன்கிட்ட கேட்குற கேள்வியா இது? "யோசிச்சுச் சொல்றேன்டா"ன்னு வச்சுட்டேன். தூக்கம் வரலை. படிக்க ஆரம்பிச்சேன். அவனோட 'எதுக்கு'க்கு ஐநூறு வருஷமா உலகம் தப்புத் தப்பா பதில் எழுதிட்டு இருந்திருக்கு மக்களே. அதுதான் இந்தப் பதிவு.

1495ல் பிரான்ஸ் மன்னன் எட்டாம் சார்லஸ் படையோட போய் இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்தைப் பிடிச்சான். கூடவே ஒரு புது நோயும் வெடிச்சது. இத்தாலிக்காரங்க அதை 'பிரெஞ்சு நோய்'னாங்க. பிரெஞ்சுக்காரங்க 'நேப்பிள்ஸ் நோய்'னாங்க. ரஷ்யாவுல 'போலந்து நோய்'. நம்மாளுங்க மட்டும் சும்மா இருப்போமா? வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னு 'பறங்கிப் புண்'ணுன்னு வச்சோம். நாட்டு மருந்துக் கடையில இன்னைக்கும் கிடைக்குற பறங்கிப்பட்டை, சீனாவிலேர்ந்து வந்த ஒரு கிழங்கு. கோவாவுல இருந்த போர்த்துக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, 1563ல் அச்சான தன் புத்தகத்துல இந்த நோய்க்கு அதைக் கொடுக்குறதைப் பத்தி எழுதியிருக்கார். ஆக, நோயும் பறங்கி, மருந்தும் பறங்கி :-)

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். எந்த ஊர்லயும் யாரும் இதை 'எங்க நோய்'னு சொல்லலை. எப்பவும் அடுத்தவன் குடுத்ததுதான்.

இந்தக் கிருமியும் அதுக்கு ஏத்த மாதிரி கில்லாடி. உடலுறவுல, புண்ணு மேல நேரா படுறதால ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போகுது. சுமார் மூணு வாரம் கழிச்சு ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது, கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் இருக்கலாம். சில வாரத்துல தானாவே ஆறிடும். அப்பாடா போயிடுச்சுன்னு நினைப்போம். அது உள்ளேதான் இருக்கும். அடுத்து உள்ளங்கை, உள்ளங்கால்ல தடிப்பு வரும். அதுவும் மறைஞ்சிடும். அப்புறம் வருஷக்கணக்கா சத்தமே இருக்காது. கடைசியில இதயம், மூளைன்னு கை வைக்கும். கர்ப்பிணிக்கு இருந்தா வயித்துல இருக்குற குழந்தைக்கும் போகும். அறிகுறி இல்லைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இது பெரிய தலைவலி. 1868ல் இந்தியாவுக்குன்னு ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டாங்க. பாலியல் தொழில் செய்யுற பெண்கள் பேரைப் பதியணும், அப்பப்போ சோதனைக்கு வரணும், நோய் இருந்தா 'லாக் ஹாஸ்பிடல்'ல அடைச்சு வைப்பாங்க. அவங்ககிட்ட போன சிப்பாய்களுக்கு? அந்தச் சட்டத்துல பதிவும் கிடையாது, சோதனையும் கிடையாது. ரெண்டு பேருக்கு நடுவுல பரவுற நோய்க்கு ஒரு பக்கம் மட்டும் பூட்டு! நோய் குறையலை, அந்தப் பெண்களோட மானம்தான் போச்சு. இங்கிலாந்துல இதே மாதிரி இருந்த சட்டத்தை எதிர்த்து ஜோசஃபின் பட்லர்ங்கிற அம்மா வருஷக்கணக்கா போராடினாங்க. அங்கே 1886லயும், இந்தியாவுல 1888லயும் சட்டத்தை வாபஸ் வாங்கினாங்க.

அதுவரைக்கும் மருந்துன்னா பெரும்பாலும் பாதரசம்தான். பல் கொட்டும், வாயில எச்சில் ஊத்தும். 1905ல் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. 1910ல் பால் எர்லிக்கோட சால்வார்சன் விற்பனைக்கு வந்தது. மருந்து வந்துடுச்சு, வாய்தான் திறக்கலை. 1934ல் நியூயார்க் மாநில சுகாதார ஆணையரா இருந்த தாமஸ் பாரன் ரேடியோவுல பேசப் போனார். 'சிபிலிஸ்'ங்கிற வார்த்தையைச் சொல்லக்கூடாதுன்னாங்க. மனுஷன் பேசாமலே திரும்பிட்டார். 1936ல் அவரே அமெரிக்காவோட தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். நோயாளிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தா போதாது, அவரோட துணையையும் தேடிப் பிடிச்சுச் சோதிக்கணும்னு ஊர் பூரா பிரசாரம் பண்ணினார்.

அப்பாடா, உலகம் திருந்திடுச்சுன்னு நினைச்சேன். இல்லை. அவர் தலைமையில இருந்த அதே பொதுச் சுகாதாரத் துறை, அலபாமாவுல டஸ்கிகிங்கிற ஊர்ப் பக்கம் 1932லேர்ந்து ஒரு 'ஆராய்ச்சி' நடத்திட்டு இருந்தது. சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள். நோயோட பேரைக்கூடச் சொல்லாம, 'கெட்ட ரத்தம்'னு சொல்லி வச்சிருந்தாங்க. வைத்தியம் பார்க்காம விட்டா என்ன ஆகுதுன்னு பார்க்குறதுதான் திட்டம். 1943ல் ஜான் மஹோனி நாலு நோயாளிங்களை பென்சிலின் போட்டுக் குணப்படுத்தினார். 1947க்குள்ள அதுதான் எல்லாருக்குமான மருந்துன்னு ஆயிடுச்சு. அப்பவும் இவங்களுக்குக் கொடுக்கலை. 1972ல் பத்திரிகையில வந்த பிறகுதான் நிறுத்தினாங்க.

1974ல் வழக்கு ஒரு கோடி டாலர்ல சமரசம் ஆச்சு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆயுசு பூரா வைத்தியம்னு முடிவாச்சு. 1975ல் அந்தத் திட்டத்துல மனைவிகளையும் பிள்ளைகளையும் சேர்த்தாங்க. இந்த வரியில நான் நின்னுட்டேன். ஏன் சேர்த்தாங்க? புருஷனுக்கே என்ன நோய்னு சொல்லலை, அப்புறம் பொண்டாட்டிக்கு எப்படித் தெரியும்? அவங்க எந்த ஆராய்ச்சிக் கணக்குலயும் இல்லை. ஆனா நோய் அவங்களையும் கணக்குல சேர்த்துக்கிச்சு.

நண்பனோட கேள்விக்கு பதில் அங்கேதான் கிடைச்சது. ஆரம்பக் கட்டமா இருந்தா பென்சாத்தைன் பென்சிலின் ஊசி ஒரு தடவை, முத்தின கட்டமா இருந்தா வாரத்துக்கு ஒண்ணுன்னு மூணு தடவை. அவ்வளவு சுலபமான வைத்தியம். ஆனா ஒரு தடவை குணமானா திரும்ப வராதுங்கிற உத்தரவாதம் எதுவும் கிடையாது. நெட்வொர்க்ல ஒரு மெஷினுக்கு மட்டும் வைரஸ் கிளீன் பண்ணிட்டு பக்கத்து மெஷினை விட்டா என்ன ஆகும்? அதேதான். டாக்டர்கள் இதை பிங்பாங்னு சொல்வாங்க. அதனாலதான் ரெண்டு பேருக்கும் வைத்தியம் முடியுற வரைக்கும் உறவு வேண்டாம்னு சொல்றாங்க. இதெல்லாம் நண்பனுக்காக. அவன் மனைவிக்காக யோசிச்சா இன்னும் சுலபம்: அது அவங்க உடம்பு. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். சார்லஸ், பாரன் எல்லாம் சொல்லலை. "உனக்கு மட்டும் ஊசி போட்டா அது பாதி வைத்தியம்டா. யாரு குடுத்தான்னு அப்புறம் சண்டை போட்டுக்கோங்க. முதல்ல கூட்டிட்டுப் போ"ன்னேன். கெட்ட வார்த்தையில திட்டிட்டு வச்சுட்டான்.

நாலு நாள் கழிச்சு மெசேஜ் வந்தது: "ரெண்டு பேரும் போய்ட்டு வந்தோம். அவளுக்கும் ஊசி போட்டாச்சு. இன்னும் என்கூடப் பேசலை."

பேசுவாங்க, பேசாமலும் போகலாம். அதுக்கு மருந்து என்கிட்ட இல்லை. ஆனா இந்த ஒரு வீட்டுலயாவது வைத்தியம் முழுசா நடந்திருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சந்தேகம் இருந்தா கூகுளாண்டவரை விட்டுட்டு நல்ல டாக்டரைப் பாருங்க, ஜோடியா! நண்பனோட அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கேன். யாருன்னு பின்னூட்டத்துல துப்பறிய வேண்டாம், ப்ளீஸ்.