பருவத்தின் பழியா, பித்தளையின் பழியா?

கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை வெறும் பித்தளையாக இருந்தால் போதுமா, அதன்மேல் நிக்கல் முலாம் வேண்டுமா என்னும் வினா, முதற்பார்வைக்கு ஆயுத ஆர்வலர்களின் சிறு விவாதமாகவே தோன்றும். ஆனால், ஓர் உலோகம் ஏன் கெடுகிறது என்பதை மனிதர் எவ்வாறு விளக்கிக்கொண்டனர் என்னும் வரலாறு அதனுள் இருக்கிறது. அதன் முதன்மையான அத்தியாயம் ஒன்று இந்திய மண்ணில் நிகழ்ந்தது.

தோட்டா உறைக்கான பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உண்டு. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, குளிர்நிலையிலேயே பலமுறை இழுத்து நீட்டி உறையாக்குவர். சுடும்போது அது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் தடுக்கும். பின் சற்றே சுருங்கி, எளிதில் வெளிவரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளை உறை நிலைபெற்றமைக்கு இக்குணமே முதற்காரணம்.

இனி, அதன் பகைகளைக் காண்போம். முதற்பகை வெளியிலிருந்து வருவது. தோல் வார்ப்பட்டையின் வளையங்களில் தோட்டாக்களை நெடுநாள் செருகிவைத்தால், தோலைப் பதனிட்ட அமிலப்பொருள்கள் செம்போடு வினைபுரிந்து பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பேறிய தோட்டா சுழல்துப்பாக்கியின் அறையில் சிக்கிக்கொள்ளும். நெருக்கடியில் அதுவே உயிருக்கு உலையாகும். அமெரிக்கக் காவலர்கள் நிக்கல் முலாம் பூசிய தோட்டாக்களை விரும்பியதற்கு இதுவே காரணம். புளிக்கு அஞ்சிப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய நம் வீடுகளுக்கு இத்தருக்கம் புதிதன்று.

இரண்டாம் பகை நுட்பமானது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் போர்ப்பணி குறைந்தபோது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்தனர் என்றும், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பல உறைகள் வெடித்திருந்தன என்றும் உலோகவியல் நூல்கள் தொடர்ந்து குறிப்பிடுகின்றன. குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியிலேயே விரிசல் மிகுதி. இதற்கு வழங்கிய பெயர் 'சீசன் கிராக்கிங்', அதாவது பருவ விரிசல். பெயரே பழியைப் பருவத்தின்மேல் சுமத்துவது போல ஒலிக்கிறது.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குளிர்நிலையில் இழுக்கப்பட்ட உலோகத்துள் தகைவு எஞ்சி நிற்கிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, அவ்வாறு தகைவுற்ற இடத்தைத் தாக்குகிறது. இரண்டும் கூடும்போதே விரிசல் பிறக்கிறது. மழை துணைக்காரணம் மட்டுமே. வடிவமைத்த பின் உறையை மிதமான வெப்பத்தில் காய்ச்சி ஆறவைத்து, உள்தகைவைத் தளர்த்துவதே தீர்வாயிற்று.

இங்கே முலாமின் எல்லை விளங்குகிறது. நிக்கல் படலம் களிம்பைத் தடுக்கும். உள்ளிருக்கும் தகைவைத் தளர்த்தாது. மெல்லிய அப்படலத்தில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் அடியிலுள்ள பித்தளை வெளிப்பட்டுவிடும். மறுமுறை மருந்திட்டுப் பயன்படுத்துவோர், முலாம் பூசிய உறையின் வாய் வெறும் பித்தளையைவிட விரைவில் பிளப்பதையும் அனுபவத்தில் காண்கின்றனர். ஆகவே, தோல் வளையத்தில் பலநாள் சுமப்பதற்கு முலாம் ஏற்றது. மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கு வெறும் பித்தளை ஏற்றது. எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கேட்டுக்கு எது மருந்து என்று கேட்பதே பொருந்தும்.

வரலாற்று மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குடியேற்ற கால ஆவணங்களில் நோய், சோம்பல், பழுது யாவற்றுக்கும் 'தட்பவெப்பம்' என்ற ஒற்றைச் சொல்லே விடையாக நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அச்சொல்லை அப்படியே எடுத்து எழுதினால், ஆலையில் உருவான குறையை வானத்தின்மேல் ஏற்றியவர்களாவோம். ஆவணம் தரும் காரணத்தை முடிவாகக் கொள்ளலாகாது. சோதிக்கவேண்டிய கருதுகோளாகவே கொள்ளவேண்டும். தோட்டாக்களைக் காத்துவரும் அருங்காட்சியகங்களில் பணியாற்றும் நண்பர்கள், களிம்பைத் துடைக்குமுன் அவ்வுறைகளின் கழுத்தை உருப்பெருக்கியில் ஒருமுறை பார்க்கவேண்டும். எழுத்தாவணம் சொல்லாததை அவ்விரிசல் சொல்லக்கூடும்.