காவிரிப் பரிசல்

பரிசல் என்பது மூங்கிலால் கூடை போல் முடையப்பட்டு, நீர் புகாதவாறு அடிப்புறம் மூடப்பட்ட வட்ட வடிவப் படகு ஆகும். தென்னிந்தியாவில் காவிரி, துங்கபத்திரை முதலிய ஆறுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டில் ஒகேனக்கல், மேட்டூர் நீர்த்தேக்கம் தொடங்கி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளில் ஓடும் காவிரி, கொள்ளிடம் வரை இதனைக் காணலாம். மீன்பிடித்தல், ஆற்றைக் கடத்தல், உல்லாசச் சவாரி ஆகிய மூன்றுக்கும் ஒரே படகு பயன்படுவது இதன் சிறப்பு. இப்பயன்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களும் உண்டு. பழைய பரிசல் ஒன்றை வாங்கி மீன்பிடிக்கவும் குடும்பத்தினரை ஏற்றிச் செல்லவும் பயன்படுத்த எண்ணுவோர் அம்முரண்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர்

தமிழில் பரிசல், பரிசில் என இரு வடிவங்கள் வழங்குகின்றன. புலவர்க்கு அளிக்கப்படும் கொடையைக் குறிக்கும் பரிசில் என்னும் சொல் வேறு. கன்னடத்தில் அரிகோலு, தெப்ப என்றும் தெலுங்கில் புட்டி என்றும் இதனை அழைப்பர். பரிசல் வந்து நிற்கும் கரை பரிசல் துறை எனப்படும். பாலங்கள் கட்டப்பட்ட பின்னரும் பல ஊர்களில் இப்பெயர் இடப்பெயராகத் தங்கிவிட்டது.

அமைப்பு

மூங்கிலைப் பிளந்து எடுத்த பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடித்தளம் அமைக்கப்படுகின்றது. பின்னர் பட்டைகளின் நுனிகளை மேல்நோக்கி வளைத்துச் சுவராக்கி, விளிம்பில் தடித்த மூங்கில் வளையத்தால் இறுகக் கட்டுவர். முற்காலத்தில் இக்கூட்டின் மேல் மாட்டுத் தோல் போர்த்தப்பட்டது. இன்று தோலின் இடத்தை பிளாஸ்டிக் தாளும் உரச்சாக்கும் பிடித்துக்கொண்டன. அவற்றின் மேல் தார் உருக்கிப் பூசப்படுகின்றது. பழகிய கைகள் சிலர் கூடினால் ஒரு நாளில் ஒரு பரிசலைக் கட்டி முடித்துவிடலாம். கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட பரிசல்களும் தற்காலத்தில் உள்ளன.

ஒகேனக்கல்லில் காணப்படும் பரிசல் ஏறத்தாழ 1.9 மீட்டர் விட்டம் உடையது. மீனவர் தனியாகக் கொண்டு செல்வது இதனினும் சிறியதாகவும், ஆட்களையும் சுமைகளையும் ஏற்றுவது பெரியதாகவும் இருக்கும். பரிசலுக்கு முன் பின் என்பது கிடையாது. துடுப்புப் போடுபவர் எந்தப் பக்கம் அமர்கிறாரோ அதுவே முன்புறம். அவர் துடுப்பை முன்னே ஊன்றித் தம்மை நோக்கி நீரை இழுப்பார், பரிசல் அத்திசையில் நகரும். ஒரு பக்கமாக மட்டும் துடுப்பிட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுழலும். சவாரி செய்வோருக்கு வேடிக்கையாகத் தோன்றும் இச்சுழற்சி, துடுப்புப் பழகாதவர்க்குப் பெரும் தொல்லை.

வரலாற்றுக் குறிப்புகள்

கிருஷ்ணதேவராயர் காலத்தில் விசயநகரத்திற்கு வந்த போர்த்துக்கேயரான தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடப்பதையும், தோல் போர்த்திய அப்படகுகள் பதினைந்து இருபது பேரைத் தாங்குவதையும் குறித்துள்ளார். 1803 ஆம் ஆண்டு மராட்டியப் போரின்போது, பின்னாளில் வெலிங்டன் பிரபு என அறியப்பட்ட ஆர்தர் வெல்லெசுலி, தம் படைகள் ஆறுகளைக் கடப்பதற்குக் கூடைப் படகுகளைக் கட்டச் செய்தார். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

வட்டப் படகு தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கின் குஃபா, வேல்ஸ் நாட்டின் கொராக்கிள், வியட்நாமியக் கடற்கரையின் கூடைப்படகு ஆகியன இதன் உறவினங்கள் எனலாம். கி. மு. 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, பாபிலோன் நகருக்குச் சரக்கு கொண்டுவரும் வட்டப் படகுகளைப் பற்றி எழுதியுள்ளார். சரக்கை இறக்கியதும் வணிகர்கள் படகின் மரக்கூட்டை அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். ஓட்டத்தை எதிர்த்து வட்டப் படகைச் செலுத்துவது அரிது என்பதே காரணம். காவிரியிலும் இதே நிலைதான். ஓட்டத்தோடு இறங்கிய பரிசலைக் கரையேற்றித் தலையிலோ முதுகிலோ சுமந்துதான் மேலே கொண்டுவர வேண்டும்.

மீன்பிடித்தலும் சவாரியும்

மீனவருக்கு வேண்டியது சிறிய, இலகுவான பரிசல். வலை விரிக்கும்போது ஓசையின்றி நகர வேண்டும், ஒருவரே தூக்கிச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் செவுள் வலை விரிப்போர் இத்தகைய பரிசல்களையே பயன்படுத்துகின்றனர். கட்லா, ரோகு, மிர்கால், கெளுத்தி, சிலேபிக் கெண்டை முதலியன இப்பகுதியில் கிடைக்கும் மீன்கள். சவாரிக்கு வேண்டியதோ அகன்ற அடித்தளமும் உயர்ந்த விளிம்பும். அகலம் கூடினால் எடையும் கூடும், தனியாளின் துடுப்புக்கும் அடங்காது.

எவ்வளவு அகலம் போதும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். 1.9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2.8 சதுர மீட்டர். எனவே அப்பரிசல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்வதற்கு 28 கிலோகிராம் சுமை தேவை. தலைக்கு 65 கிலோகிராம் வீதம் நால்வர் ஏறினால் 9 சென்டிமீட்டரும், எண்மர் ஏறினால் 18 சென்டிமீட்டரும் அமிழும். விட்டம் 1.5 மீட்டராகக் குறைந்தால் சென்டிமீட்டருக்கு 18 கிலோகிராம் கூட வாராது. அதே நால்வர் ஏறும்போது 15 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிடும். அடிப்பாகம் கிண்ணம் போல் வளைந்திருப்பதாலும், பரிசலின் சொந்த எடையாலும் உண்மையான அமிழ்வு இதனினும் சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே மீனவரின் சிறு பரிசல் இருவருக்கு உகந்ததேயன்றிக் குடும்பத்திற்கு உகந்ததன்று. இரு பயனுக்கும் ஒன்றையே வாங்க விரும்புவோர் 1.9 மீட்டர் அளவில் ஒன்றைத் தேர்ந்து, ஏறுவோர் தொகையை நான்காக வரையறுத்துக்கொள்வது தகும். தூக்குவதற்கு மட்டும் துணையாள் வேண்டியிருக்கும்.

பரிசல் கவிழாது என்றொரு நம்பிக்கை மக்களிடையே உண்டு. இது பாதி உண்மையே. அகன்ற அடி உள்ளதால், எல்லோரும் பரவலாகத் தரையில் அமர்ந்திருக்கும் வரை பரிசல் மிக உறுதியாக நிற்கும். ஆனால் மீனையோ முதலையையோ பார்க்க அனைவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அப்பக்க விளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். விளிம்பைத் தாண்டி நீர் புகத் தொடங்கினால் அந்நீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். பரிசலில் எழுந்து நிற்கக்கூடாது எனப் பரிசலோட்டிகள் ஓயாது சொல்வது இதனால்தான்.

பழைய பரிசலைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தார் பூசிய பழைய பரிசல் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். விற்பனைக்கு முன் தார் பூசுவது இயல்பான பராமரிப்பே ஆயினும், அதன் அடியில் உள்ளதை அது மறைத்துவிடுகின்றது. எனவே வெளிப்புறத்தை விட உட்புறத்தையே முதலில் நோக்க வேண்டும்.

மூங்கிலின் பெரும்பகை உளுப்பு. பட்டைகளில் ஊசித் துளைகளும், பரிசலைத் தட்டும்போது மாவு போன்ற தூளும் காணப்பட்டால் பூச்சி உள்ளே புகுந்துள்ளது எனக் கொள்ளலாம். நீரில் ஊறிக் கறுத்து மென்மையான மூங்கிலை நகத்தால் அழுத்தியே அறியலாம். அடித்தளத்தின் நடுப்பகுதியும், தளம் சுவராக வளையும் பகுதியும் முதலில் கெடுகின்றன. நடுப்பகுதியில் கலங்கல் நீர் தேங்கி நிற்கும். வளைவிலோ பட்டைகள் முறியும். விளிம்பு வளையம் ஓரிடத்தில் முறிந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தால் அதனைச் சிறு குறையாகக் கருதலாகாது. பரிசலின் வடிவத்தைத் தாங்கி நிற்பது அவ்வளையமே.

எடையும் ஒரு சான்று. சுவரும் அடியும் சேர்ந்து 5 சதுர மீட்டர் பரப்புள்ள பரிசலில் ஒரு மில்லிமீட்டர் தார் ஏறினால் ஏறத்தாழ 5 கிலோகிராம் கூடும். பல முறை ஒட்டுப்போட்டுப் பூசிய பரிசல் அதனால் பெரிதும் கனத்துவிடும். அதே அளவுள்ள வேறொரு பரிசலைத் தூக்கிப் பார்த்து ஒப்பிடுவதே எளிய வழி.

இறுதிச் சோதனை நீரில்தான். கரையோரம் முழங்கால் அளவு நீரில் மிதக்கவிட்டு, இருவர் ஏறி அரை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். கசிவு சுமை ஏறிய பிறகே தெரியும், ஏனெனில் பட்டைகள் விலகும்போதுதான் தாள் விரிந்து கீறல் திறக்கின்றது. ஒரு துளி கசிவு பரிசலுக்கு இயல்பே. கையால் இறைக்க வேண்டிய அளவு நீர் சேர்ந்தால் அதனைத் தவிர்க்க வேண்டும். கோடையில் ஆறு வற்றியிருக்கும் நாளில் மணலில் வைத்தே விலை பேசி முடித்துவிடுவது தவறாகும். ஏரியிலோ குளத்திலோ மிதக்கவிடாமல் வாங்கலாகாது.

கண்ணாடியிழைப் பரிசலாயின் உளுப்புக்கு இடமில்லை. ஆனால் விரலால் தட்டிக்கொண்டே செல்லும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி எழுந்தால், இழை அடுக்குகள் அங்கே பிரிந்துள்ளன எனலாம்.

திருச்சிராப்பள்ளி - திருவரங்கம் பகுதியில் ஆறு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்ற பெயருடனும் வடகிளை கொள்ளிடம் என்ற பெயருடனும் செல்ல, இடையில் திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கல்லணை அருகே இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. முக்கொம்பு மேலணை ஆர்தர் காட்டனால் 1836 இல் கட்டப்பட்டது. மேட்டூர் அணை மரபாக சூன் 12 அன்று திறக்கப்பட்டு சனவரி 28 அன்று மூடப்படுவதால், பரிசலுக்கான பருவமும் அதற்குள் அடங்குகின்றது. கோடையில் மணல்வெளியும் ஆங்காங்கே மடுக்களுமே எஞ்சும்.

ஆடிப்பெருக்கு நாளில் அம்மா மண்டபம் படித்துறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுவர். குழந்தைகளைப் பரிசலில் ஏற்றிச் செல்லும் ஆசை எழுவதும் அப்பொழுதே. ஆனால் தென்மேற்குப் பருவமழையால் ஆறு மிகுந்த வேகம் கொள்ளும் மாதமும் அதுவே. மேட்டூரில் திறந்த நீர் முக்கொம்பை அடைய இரண்டு மூன்று நாள் ஆகும். எனவே மேட்டூரின் வெளியேற்ற அளவை நாளிதழில் பார்த்தாலே முன்னெச்சரிக்கை கிடைத்துவிடும். பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே வந்து கலப்பதால் அவ்வாறுகளின் நிலையையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

கதவணைகளின் அருகே பரிசலைக் கொண்டுசெல்வது உயிருக்குக் கேடு. மதகை நோக்கி இழுக்கும் ஓட்டத்தை ஒரு துடுப்பால் எதிர்க்க இயலாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தின்போது முக்கொம்பு கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கு புதிய கதவணை கட்டப்பட்டது. அணை அல்லாத இடங்களிலும் மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்துள்ளன. இடுப்பளவு நீர் என நம்பி இறங்கியவர் அடுத்த அடியில் ஆளாழத்தில் விழ நேரலாம். ஆகவே நீந்தத் தெரிந்தவர் உட்பட ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை இன்றியமையாதது. குழந்தைகளுக்கு அவர்தம் எடைக்குரிய சிறு அளவு உடையே வேண்டும், பெரியவர் உடை தலைவழியே கழன்றுவிடும். பரிசலின் விலையைப் பேசும்போது இச்செலவையும் சேர்த்துக் கணக்கிடுவது நன்று. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிருவாகம் பரிசல் போக்குவரத்துக்குத் தடை விதிக்கின்றது.

இயந்திரப் படகுகள்

நீர்ச்சறுக்கு போன்ற வேக விளையாட்டுகளுக்குப் பரிசல் பயன்படாது. அவற்றுக்குரிய இயந்திரப் படகுகளுக்குத் திருச்சிராப்பள்ளிக் காவிரியும் ஏற்றதன்று. ஆழம் குறைவு, மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், சுழலி மணலில் சிக்கும். தமிழ்நாட்டில் அத்தகைய விளையாட்டுகள் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் நடைபெறுகின்றன. உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரப் படகு செலுத்துவோர், 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிக் கொண்டுவரப்பட்ட 2021 ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவும் ஆய்வுச் சான்றும் பெற வேண்டும். பழைய இயந்திரப் படகை வாங்குவோர் இவ்விரு ஆவணங்களையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். மீன்பிடி உரிமை படகுரிமையிலிருந்து வேறானது. குத்தகைக்கு விடப்பட்ட நீர்நிலைகளில் வலை வீசுவதற்கு மீன்வளத்துறையின் அல்லது குத்தகைதாரரின் இசைவு தேவை.