ஒரு கடிதமும் ஒரு பேராசிரியப் பீடமும்

ஓர் அறிவுத்துறை பிறப்பதற்கும், பல்கலைக் கழகத்தில் அதற்கோர் ஆசிரியப் பீடம் கிடைப்பதற்கும் இடையே கழியும் காலத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். மனித சமுதாயங்கள் கூடுவதையும் குலைவதையும் ஆராயும் கல்விக்கு 'இல்முல் உம்ரான்' எனப் பெயரிட்டு, அதனைத் தனிக் கலையாக வகுத்த இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வை எழுதி முடித்தது 1377ஆம் ஆண்டில். ஐரோப்பாவில் அதனையொத்த கல்வி, சமூகவியல் என்னும் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. ஆயினும், கல்விச் சிறப்பிற் புகழ்பெற்ற ஜெர்மன் பல்கலைக் கழகங்களிற்கூட, முதல் உலகப் போர் முடியும் வரை சமூகவியலுக்கென ஒரு முழுப் பேராசிரியப் பதவி ஏற்படவில்லை.

ஆகவே சமூகவியலைக் கற்பிக்க விழைந்தோர், தத்துவம் அல்லது பொருளாதாரம் என்னும் வாயில் வழியாகவே உட்புக வேண்டியிருந்தது. அவ்வாயிலும் எளிதில் திறப்பதன்று. இரண்டாவது ஆய்வேட்டை அளித்துத் தகுதி பெற்றவர் முதலில் தனி விரிவுரையாளராவார். அவருக்குச் சம்பளம் இல்லை. வகுப்புக்கு வரும் மாணவர்கள் செலுத்தும் கட்டணமே வருவாய். பேராசிரியப் பீடம் ஒன்று காலியானால், ஆசிரியர் குழு தக்கவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு அரசின் கல்வி அமைச்சகத்துக்கு அனுப்பும். அமைச்சகம் வேறு அறிஞர்களின் கருத்தையும் கடித மூலம் கேட்டறிந்து, தான் விரும்பியவரை அழைக்கும். அழைப்பு வந்தவர் பேராசிரியர், வராதவர் காத்திருப்பவர்.

அவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர் கியார்க் ஸிம்மல். 1858ஆம் ஆண்டில் பெர்லினில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் யூத குலத்தில் தோன்றிக் கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள். அவரும் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர். 1881இல் டாக்டர் பட்டம் பெற்று, 1885இல் பெர்லின் பல்கலைக் கழகத்தில் தனி விரிவுரையாளரானார். அவரது வகுப்புகளில் மாணவர்கள் திரண்டனர். 1900இல் 'பணத்தின் தத்துவம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அதன் பின்னர் அவருக்குக் கிடைத்தது, 'சிறப்புநிலைப் பேராசிரியர்' என்னும் வெறும் பட்டமே. அதற்கு ஊதியமும் இல்லை. துறையின் முடிவுகளில் வாக்குரிமையும் இல்லை. காப்பாளராயிருந்த இசைநூல் பதிப்பாளர் ஒருவர் விட்டுச் சென்ற செல்வம் இல்லாதிருந்தால், அந்த நெடுங்காலத்தை அவர் எங்ஙனம் கடந்திருப்பார்?

1908ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்பு வந்தது. பாடன் மாநிலத்திலுள்ள ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் தத்துவப் பேராசிரியப் பீடம் ஒன்று காலியாயிருந்தது. ஸிம்மலின் பெயர் முன்வைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மாக்ஸ் வெபர் அவருக்கு உறுதுணையாக நின்றார். பாடன் அமைச்சகமோ, முன்னர் ஹைடல்பர்க்கில் பணியாற்றி, அப்போது பெர்லினில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த டீட்ரிக் ஷேபரிடம் கருத்துக் கேட்டது. 1908 பிப்ரவரி 26ஆம் நாளிட்டு அவர் விடையெழுதினார்.

அக்கடிதம் பின்னாளில் அச்சேறியது; அதனால் நாமும் அதன் உள்ளடக்கத்தை அறிகிறோம். ஸிம்மல் ஞானஸ்நானம் பெற்றவரா இல்லையா என்பது தமக்குத் தெரியாது என்றும், அதை விசாரிக்கவும் விரும்பவில்லை என்றும் ஷேபர் தொடங்குகிறார். எனினும் தோற்றத்திலும் நடையிலும் சிந்தனையிலும் அவர் முற்றிலும் இஸ்ரவேலரே என்று தீர்ப்பளிக்கிறார். வகுப்பில் கூட்டம் நிறைவதை மறுக்க முடியவில்லை; ஆகவே அக்கூட்டத்தையே குறையாக்குகிறார். அதில் பெண்கள் மிகுதியாம்; கிழக்கு நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் மிகுதியாம். இறுதியாகத் துறையின் மீதே பாய்கிறார். மனிதர் சேர்ந்து வாழ்வதற்கு அரசும் திருச்சபையுமே ஆதாரம். அவ்விடத்தில் 'சமூகம்' என்பதை வைப்பது ஆபத்தான பிழை என்கிறார்.

இக்கடிதத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒருவருடைய கல்வியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, அவருடைய பிறப்பையும் முகத்தையும் மாணவர்களையும் பற்றி விடை வந்தது. நூலிலுள்ள பிழையைச் சுட்டினால் ஆசிரியர் மறுமொழி கூறலாம், அல்லது திருத்திக்கொள்ளலாம். பிறப்பைக் குற்றமென்றால் அவர் எதைத் திருத்துவார்? மேலும், குற்றம் சாட்டப்பட்டவர் காணாத இடத்தில் சாட்சி சொல்லப்பட்டது. ஹைடல்பர்க்கிலிருந்து ஸிம்மலுக்கு அழைப்பு வரவில்லை.

அதே 1908ஆம் ஆண்டில்தான் ஸிம்மலின் 'சமூகவியல்' என்னும் பெருநூல் வெளிவந்தது. அதில் 'அந்நியன்' என்பவனைப் பற்றிய ஒரு சிறுபகுதி உண்டு. அவர் கூறும் அந்நியன் வந்து போகும் வழிப்போக்கனல்லன், வந்தவிடத்திலேயே தங்கிவிட்டவன். ஊருக்குள் இருப்பான், ஊராரில் ஒருவனாக எண்ணப்படான். ஆயினும் எச்சார்பிலும் கட்டுண்ணாதவன் ஆதலால், உள்ளதை உள்ளவாறு காணும் ஆற்றல் அவனுக்கு உண்டு. முற்கால இத்தாலிய நகரங்கள் தங்கள் வழக்குகளைத் தீர்க்க வெளியூரிலிருந்து நீதிபதிகளை வரவழைத்ததை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். நடுநிலையின் அருமையை இவ்வாறு எடுத்துரைத்தவருக்கே நடுநிலையான ஒரு தீர்ப்புக் கிடைக்கவில்லை!

1909இல் ஜெர்மன் சமூகவியல் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஸிம்மலும் ஒருவர். மறு ஆண்டு பிராங்பர்ட்டில் கூடிய அதன் முதல் மாநாட்டில் தொடக்கச் சொற்பொழிவு நிகழ்த்தியவரும் அவரே. 1914இல், தம் 56ஆம் வயதில், ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் முழுப் பேராசிரியரானார். அவ்வாண்டே போர் மூண்டது. மாணவர்கள் போர்முனைக்குச் சென்றனர். கல்விக் கூடங்கள் மருத்துவமனைகளாயின. 1915இல் ஹைடல்பர்க்கில் மீண்டும் இடம் காலியானபோதும் அழைப்பு வரவில்லை. 1918 செப்டம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டில், 1919இல், பிராங்பர்ட் பல்கலைக் கழகத்தில் பிரான்ஸ் ஓப்பன்ஹைமர் சமூகவியலைப் பெயரிலேயே கொண்ட பீடத்தில் அமர்ந்தார். ஸிம்மல் உழுது பண்படுத்திய நிலம் விளைந்தபோது உழுதவர் இல்லை.

எனினும் கல்வி பீடத்தை நம்பி மட்டும் வாழ்வதன்று. பெர்லினில் அவர் வகுப்பைக் கேட்ட அமெரிக்கர் ராபர்ட் பார்க், பின்னர் சிகாகோ பல்கலைக் கழகத்தில் நகர வாழ்வை ஆராயும் ஒரு மரபையே உருவாக்கினார். 1921இல் அவரும் பர்ஜெஸும் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலில் ஸிம்மலின் எழுத்துகள் பல இடம்பெற்றன. ஸிம்மலுக்காக வாதாடித் தோற்ற வெபரும் அதை மறக்கவில்லை போலும். 1917இல் மியூனிக்கில் மாணவர்களிடையே பேசியபோது, பல்கலைக் கழக நியமனங்களில் தகுதியைவிடத் தற்செயலே ஓங்கி நிற்கிறது என்றும், அவ்வழியை நாடும் யூத இளைஞனிடம் நம்பிக்கையைக் கைவிடு என்றே கூற வேண்டியுள்ளது என்றும் மனம்விட்டு உரைத்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நாட்களில் இவ்வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம். விடை வராமையே தகுதியின்மைக்குச் சான்றாகிவிடாது. அதனினும் முதன்மையாக, நாமே ஒருநாள் பிறர் ஒருவரைப் பற்றிக் கருத்து எழுத நேரலாம். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்றோ, கடைக்குக் கணக்கர் வேண்டுமென்றோ நம்மிடம் கேட்பார்கள். அப்போது நம் கையிலிருப்பது மற்றொருவரின் வாழ்வு. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேட்ட கேள்விக்கு மட்டும், அறிந்ததை மட்டும், அவர் முன்னிலையில் படித்துக் காட்டவும் கூசாத வகையில் எழுதுவோமாயின், ஷேபரின் வரிசையில் நாம் நில்லோம்.