பூனையும் நம் சோற்றுப் பானையும்

மனிதன் தன்னோடு வாழும் உயிர்களுக்கு இழைக்கும் தீங்கு இருவகைப்படும். ஒன்று கொடுமையால் விளைவது. மற்றொன்று அறியாமையால் விளைவது. முன்னதை உலகம் பழிக்கிறது, சட்டம் தண்டிக்கிறது. பின்னது அன்பென்னும் போர்வையைப் போர்த்து வருதலின், அதனைக் கண்டிப்பாரும் இலர், கண்டறிவாரும் சிலரே. வளர்ப்புப் பூனைக்கு நாம் இடும் உணவு பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்ததாகவே இருக்கிறது. தக்காளிக் குழம்பில் அடைத்த சார்டின், கடையில் வாங்கிய சாசேஜ், சூப்புக் கட்டி கரைத்த சாறு, பாலில் ஊறிய ரொட்டி என நாம் உண்பவற்றில் ஒரு பங்கை அதற்கும் வைக்கிறோம். மனிதன் உண்ணத் தக்கது பூனைக்கும் தக்கதே என்பது தோட்டப்புறத்திலும் நகரத்திலும் ஒருங்கே வேரூன்றிய எண்ணம். இவ்வெண்ணம் எங்ஙனம் தோன்றியது, எத்துணை உண்மையுடையது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வாம்.

ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மனிதன் உழுது பயிரிடக் கற்றான். விளைந்த தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியம் சேர்ந்த இடத்திற்கு எலி வந்தது. எலி வந்த இடத்திற்குக் காட்டுப் பூனை வந்தது. அதனை எவரும் வலையிட்டுப் பிடித்து வந்தாரல்லர். இரையைத் தேடி அது தானே வந்து சேர்ந்தது. சைப்ரஸ் தீவில், 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்ட செய்தியைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆதலின் கடல் கடந்து குடியேறிய உழவர் தம்மோடு அதனையும் படகில் ஏற்றிச் சென்றனர் என்பது தெளிவு. எகிப்து நாட்டில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் எழுந்த நக்த் என்பானின் கல்லறைச் சுவரில், நாற்காலியின் கீழ் இருந்து மீனைக் கடித்துத் தின்னும் பூனையொன்று தீட்டப்பட்டிருக்கிறது.

இப்பழைய உறவில் நாம் உற்று நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. மனிதனின் களஞ்சியத்தைப் பூனை காத்தது. ஆனால் அக்களஞ்சியத்திலிருந்த தானியத்தை அது உண்ணவில்லை. எலியே அதன் கூலி. நாயின் கதை வேறு. நாய் மனிதனின் அடுப்படியில் எச்சிற்சோறு தின்று தின்று உடலளவிலும் மாறிற்று. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுந்திருப்பதை 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. பூனையோ நம் கூரையின்கீழ் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தும், உணவைப் பொறுத்தமட்டில் காட்டில் இருந்த அதே ஊனுண்ணியாகவே இருந்துவிட்டது. இனிப்பைச் சுவைக்கும் ஆற்றல்கூட அதன் நாவிற்கு இல்லை என்பதும், அதற்குரிய மரபணு அதனிடத்தில் பழுதுற்றுக் கிடப்பதும் 2005-இல் நிறுவப்பட்டன.

இவ்வுண்மையை நம் முன்னோர் ஒருவாறு அறிந்தே இருந்தனர். காட்டுப் பூனையை ‘வெருகு’ எனப் பெயரிட்டு வழங்கியது பழந்தமிழ். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு பூனையை இரு கைகளையும் மேலே தூக்கித் தவம் செய்வதுபோற் செதுக்கி, அதன் காலடியில் எலிகளையும் செதுக்கி வைத்தான். ஊனை விட்டேன் என்று பூனை விரதம் பூண்டால் அதனை நம்பும் எலி என்னவாகும் என்பது அவனுக்குத் தெரியும். ‘உருத்திராட்சப் பூனை’ என்னும் வழக்கும் அக்கருத்தில் எழுந்ததே. ஆயினும் பூனையின் தவத்தை நகையாடிய நாமே, நம் வீட்டுப் பூனைக்கு மட்டும் தயிர்ச்சோற்றை இட்டு விரதம் காக்கச் செய்கிறோம்!

பாலின் கதையும் இத்தகையதே. தன் அவையடக்கத்தில் கம்பன் தன்னைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டான். உவமை பெரிது, அழகிது. ஆனால் உணவு முறைக்கு உவமை சான்றாகாது. குட்டிப் பருவம் கடந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. குடித்தபின் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. விரும்பி உண்பதெல்லாம் உடலுக்கு ஏற்றது என்னும் விதி மனிதனுக்கே இல்லாதபோது, பூனைக்கு மட்டும் எங்ஙனம் இருக்கக் கூடும்?

எலி பிடித்து வாழ்ந்த பூனை, நகரம் பெருகியபோது பிறர் கொடுக்கும் உணவை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் நகரத் தெருக்களில் பூனைக்கென்றே இறைச்சி விற்போர் திரிந்தனர். இறந்த குதிரைகளின் ஊனை வேகவைத்துத் துண்டுகளாக்கி, வீடுதோறும் சென்று விற்றனர். 1851-இல் லண்டன் ஏழைமக்களின் தொழில்களைப் பற்றி நூல் எழுதிய ஹென்றி மேய்ஹியூ அவர்களையும் விடாது குறித்துள்ளார். 1860-களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இங்கிலாந்தில் நாய்களுக்கென்று பிஸ்கோத்து செய்து விற்கத் தொடங்கினார். பின்னர், 1930-களில் பூனைக்கென்றே தகர டப்பாவில் அடைத்த உணவும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டமையால், அங்கே உலர்ந்த உணவு பெருகிற்று. இவ்வாறு பூனையின் உணவு ஆலைப்பொருளாயிற்று. அதே காலத்தில் மனிதனின் உணவும் ஆலைக்குட் புகுந்து, உப்பும் பொடியும் கெடாது காக்கும் மருந்தும் கலந்து வெளிவரலாயிற்று. இவ்விரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேதான் பூனைக்குப் புதிய இடர் பிறந்தது.

அவ்விடரை மருத்துவ அறிவு ஒவ்வொன்றாகக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1950-களில், எண்ணெய் மிகுந்த மீனையே நாளும் தின்ற பூனைகளின் தோலடிக் கொழுப்பு மஞ்சள் நிறமுற்று அழன்று, தொட்டாலும் கதறும்படி நோவு தருவதை மருத்துவர் கண்டனர். வைட்டமின் ‘ஈ’ குறைந்ததே அதற்குக் காரணம். 1970-களின் தொடக்கத்தில், பென்சாயிக் அமிலம் மிகுதியாகக் கலந்த இறைச்சியைத் தின்ற பூனைகள் இங்கிலாந்தில் நஞ்சுற்று மாண்டன. அவ்வமிலம் மனிதர் அருந்தும் பானங்களிலும் குழம்புகளிலும் அளவோடு சேர்க்கப்படும் பொருளே. நம் ஈரல் எளிதில் மாற்றி வெளியேற்றும் பொருள்கள் பலவற்றைப் பூனையின் ஈரலால் அவ்வாறு வெளியேற்ற இயலாது. மனிதனின் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது என்றால், வேறுபாட்டின் அளவை நேயர்களே உணரலாம்.

1975-ஆம் ஆண்டில் இதனினும் ஆழ்ந்த உண்மையொன்று வெளிப்பட்டது. பாலிலிருந்து எடுத்த கேசின் என்னும் புரதத்தையே ஊட்டி வளர்த்த பூனைகளின் கண்ணில் விழித்திரை சிதைந்தது. புரதத்திற்குக் குறைவில்லை, ஆனால் டாரின் என்னும் சத்து இல்லை. மனித உடல் டாரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் தனக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. ஊனிலிருந்தும் மீனிலிருந்துமே அதனைப் பெற்றாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1987-இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மற்றொன்றைக் கண்டனர். இதயத் தசை தளர்ந்து சாகும் நிலையிலிருந்த பூனைகள் பலவற்றின் குருதியில் டாரின் மிகக் குறைந்திருந்தது. அதனை ஊட்டியபோது தளர்ந்த இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அதுகாறும் தீராநோய் என்று கைவிடப்பட்டது, உணவுக் குறையென்று தெளிந்தது.

அடுத்தது வெங்காயத்தைப் பற்றியது. நம் சமையலுக்கு வெங்காயமும் பூண்டும் உயிர்நிலை. பூனைக்கோ அவை குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. வேகவைத்தாலும் உலர்த்திப் பொடித்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. நோயுற்று உண்ணாதிருக்கும் பூனைக்கு மனிதக் குழந்தைகளுக்கான புட்டி உணவை ஊட்டும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அவ்வுணவிற் சிலவற்றில் சேர்ந்திருந்த வெங்காயப் பொடி பூனையின் குருதியைக் கெடுப்பதை 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. பச்சிளங் குழந்தைக்கு ஏற்றதே பூனைக்கு ஏலாதாயின், சூப்புக் கட்டியும் சாசேஜும் எம்மூலைக்கு? மனித உணவிற் சேர்க்க இசைவளிக்கப்பட்ட புரோப்பிலீன் கிளைகால் என்னும் பொருளைப் பூனை உணவிற் சேர்க்கலாகாது என்று அமெரிக்க அரசு 1996-இல் தடுத்ததும் இவ்வகையிற் கருதற்பாலது.

அங்ஙனமாயின், பூனையின் படம் ஒட்டிய டப்பாவெல்லாம் வேதவாக்கோ எனின், அதுவும் அன்று. 1987-இல் இதயநோயுற்றுக் கிடந்த பூனைகள், நம்பிக்கையோடு வாங்கி இட்ட ஆலை உணவைத் தின்றவையே. அதன் பின்னரே ஆலைகள் டாரினை மிகுதியாகச் சேர்க்கத் தொடங்கின. 2007-இல் வட அமெரிக்காவில், சீனத்திலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தமையால், பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. ஏறத்தாழ 6 கோடி டப்பாக்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டே, அதே மெலமைன் சீனத்தில் குழந்தைகளின் பால்மாவிற் கலந்து, ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகளை நோயுறச் செய்தது. ஆறு குழந்தைகள் உயிரிழந்தன. விலங்கின் உணவிற் செய்யும் வஞ்சனை விலங்கோடு நில்லாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். “எங்கள் பாட்டி வீட்டுப் பூனை இரசஞ்சோறும் கருவாட்டுத் துண்டும் தின்றே பல்லாண்டு வாழ்ந்ததே!” என்பர். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அப்பூனை நாம் இட்டதை மட்டுமா தின்றது? இரவெல்லாம் இரப்பர் மரங்களினூடே எலியும் ஓணானும் குருவியும் பிடித்துத் தின்றது. நம் சோற்றில் இல்லாத டாரினை அது தன் நகத்தாலும் பல்லாலும் தேடிக்கொண்டது. நாம் வளர்த்தோம் என்று நாம் நினைத்தோம். பாதிக்குமேல் அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. வழக்கம் பிழையற்றதாகத் தோன்றியதற்குக் காரணம் வழக்கத்தின் சிறப்பன்று. அதன் குறையைப் பூனையின் வேட்டை நிரப்பியதே.

அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் கதவடைத்து வளர்க்கும் பூனைக்கு அவ்வேட்டை இல்லை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1-ஆம் நாள் நீக்கப்பட்டு, வீட்டிற்கு இரண்டு பூனைகள் வளர்க்க இசைவளிக்கப்பட்டது. மலேசிய நகரங்களிலும் மாடி வீடுகளில் பூனை வளர்ப்போர் பலர். வெளியே போக வழியில்லாத உயிருக்கு நம் கிண்ணமே காடு. நம் கையே அதன் விதி. கிண்ணத்தில் இல்லாதது அதற்கு உலகிலேயே இல்லை. ஆதலின் பாட்டி காலத்து வழக்கை இன்று பின்பற்றுவோர், அவ்வழக்கில் பாதியை மட்டுமே பின்பற்றுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கது என்னை? பூனையின் நாள்தோறும் உணவு, பூனைக்கென்றே ஆக்கப்பட்டு, ‘முழுமையான சரிவிகித உணவு’ என்று உறையிற் குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். ‘துணை உணவு’ என்று குறித்தவை தனியே போதா. மலிவான உணவிலும் அக்குறிப்பு உண்டு. விலையைக் காட்டிலும் எழுத்தைப் பார்த்து வாங்குவதே அறிவு. வீட்டில் ஏதேனும் கொடுக்க விரும்பின், உப்பும் மசாலையும் சேருமுன் எடுத்து வைத்த கோழி இறைச்சியையோ மீனையோ வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிச் சிறிதளவு இடலாம். டாரின் வேகும் நீரிற் கரைந்துவிடுமாதலின் அந்நீரையும் சேர்த்தே வைக்க. இத்தகைய சில்லுணவு அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த எதனையும் வைத்தலாகாது. வெங்காயம் தின்ற பூனையின் ஈறு வெளுத்து, உடல் சோர்ந்து, சிறுநீர் கறுத்துத் தோன்றினால், நாளை பார்ப்போம் என்னாது அன்றே விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

பூனை குறுக்கே போனால் போகும் காரியம் கெடும் என்று திரும்பி வருவோர் நம்மில் இன்னும் உளர். அப்பூனையால் அவர்க்கு எக்கேடும் வந்ததில்லை. நம் அறியாமை அதன் கிண்ணத்திற் புகுந்தபோதோ, அதன் கண்ணும் குருதியும் இதயமும் கெட்டதை மேலே கண்டோம். சகுனத்தை ஆராய்வதிற் செலவிடும் கருத்தில் ஒரு சிறு பங்கை உணவு உறையின் எழுத்தைப் படிப்பதில் செலவிட்டால், வாயற்ற உயிரொன்று நம்மால் வாழும். அன்பு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அதற்கு அறிவின் துணை கூட்டுவதொன்றே இப்போது வேண்டுவது.