பெண்கள் சொன்ன செய்தி

இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் திருநாள் மகிழ்ச்சிப் பெருவிழா. ஆனால் அச்செய்தியை முதன்முதல் கேட்டோர் மகிழ்ந்தனரா? பழைய ஏடுகள் வேறு கூறுகின்றன.

நான்கு சுவிசேஷங்களுள் மாற்கு எழுதியதே முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் முடிபு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அந்நூல் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் நடுங்கி ஓடினர். அச்சத்தால் எவரிடமும் ஒன்றும் உரைத்திலர். அவ்வளவே! எஞ்சிய 12 வசனங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை என்பர்.

லூக்காவின் நூலில் பெண்கள் வாய்திறக்கின்றனர். சீடர்களோ அதனை வீண்பேச்செனத் தள்ளுகின்றனர். பெண் சொல் அம்பலம் ஏறாத காலம் அன்றோ அது! கி.பி. 55ஐ ஒட்டிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தில், உயிர்த்தவரைக் கண்டோர் பட்டியல் உண்டு. பேதுரு, பன்னிருவர், 500க்கு மேற்பட்ட சகோதரர் எனச் செல்லும் அப்பட்டியலில் பெண் பெயர் ஒன்றேனும் இல்லை. சுவிசேஷங்கள் நான்குமோ மகதலேனா மரியாளை மறக்கவில்லை. புனைகதை கட்டுவோர், சொல் எடுபடாத ஒருத்தியையா முதற் சாட்சியாக நிறுத்துவர் என வினவுவார் உளர். வினா வலியது, எனினும் உயிர்ப்பை மெய்ப்பிக்க அது போதாது.

கி.பி. 591இல் போப்பாண்டவர் முதலாம் கிரெகோரி, மரியாளைப் பெயரறியாப் பாவிப்பெண் ஒருத்தியோடு இணைத்துப் பிரசங்கித்தார். அப்பழி நெடுங்காலம் நின்றது. அப்போஸ்தலர் திருநாட்களுக்கு நிகராக அவளுடைய ஜூலை 22ஆம் நாளை ரோமாபுரி உயர்த்தியது 2016இல்தான்.