ரெட்டிச்சில் பிறந்து திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட்

எங்கள் வயதுக்காரர்களுக்கு புல்லட் என்றாலே மூன்று பேர் நினைவுக்கு வருவார்கள்: போலீஸ் இன்ஸ்பெக்டர், கிராமத்து மிராசுதார், பொதுப்பணித் துறை காண்டிராக்டர். வண்டி தெருமுனை திரும்புவதற்குள்ளேயே வருவது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இன்று நம் ஊர் வண்டி என்றே நினைக்கும் இந்த புல்லட் இங்கே எப்படி வந்தது, ஐம்பது வருடப் பழைய வண்டியைக் கூட இன்றும் ஓட்ட முடிவது எதனால் என்பதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. பிறகு என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பில் வந்ததுதான் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். துப்பாக்கிச் சம்பந்தம் இருந்ததால், 1930-களின் தொடக்கத்தில் வந்த ஒரு மாடலுக்கு புல்லட் என்று பெயர் வைத்தது பொருத்தமாகவே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கும் போலீசுக்கும் உறுதியான ஒரு வண்டி தேவைப்பட்டது. மத்திய அரசு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கப்பலில் இறக்குமதி செய்துகொண்டே இருப்பதைவிட இங்கேயே பூட்டலாம் என்று 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் நம்ம ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலை அப்படி வந்தது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-இல் பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லா பாகங்களும் இங்கேயே தயாராயின.

அதே 1962-இல் இங்கிலாந்தில் புல்லட்டை நிறுத்திவிட்டார்கள். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்க் கம்பெனியே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் வேலை நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆக ஆரம்பித்தது. பிள்ளை வளர்ந்து தாய்வீட்டுக்கே சீர் அனுப்பியது போல!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே செய்தது பெரும்பாலும் 1955-இல் வந்த அதே வண்டிதான். அதே 346 சிசி வார்ப்பிரும்பு சிலிண்டர், தனியாக மாட்டிய நாலு கியர் பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1980-களில் ஹோசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், பிறகு ஹீரோ ஹோண்டாவும், யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தபோது புல்லட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கனம் அதிகம், பெட்ரோல் குடிக்கும், எண்ணெய் ஒழுகும் என்றார்கள். கம்பெனியும் தள்ளாடியது. 1994-இல் ஐஷர் கைக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

ஆனால் அன்று குறை என்று சொன்ன அந்த மாறாத தன்மைதான் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வரமாகிவிட்டது. வார்ப்பிரும்பு இன்ஜின் ஏறக்குறைய 2010 வரை செய்யப்பட்டதால், அறுபதுகளில் வந்த வண்டிக்கும் பொருந்தக்கூடிய பல பாகங்கள் வெகுகாலம் கடையில் கிடைத்தன. ரெட்டிச்சில் செய்த வண்டியை வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களும் இந்தியாவிலிருந்துதான் பாகம் வாங்கினார்கள். அதே காலத்து மற்ற இங்கிலாந்து வண்டிகள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

என்னிடம் இருப்பது 1971 மாடல். 1984-இல் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போன ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு கலை. கிக்கரை மெதுவாக அமுக்கி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. பலத்தை நம்பினால் கால்தான் வலிக்கும். சைக்கிள் பழகிய பையன்கள் போல் ஆளாளுக்கு முயன்று தோற்றுப்போன வண்டியை, என் மனைவி முள்ளைப் பார்த்து ஒரே உதையில் கிளப்பியிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வண்டியை முழுவதும் பிரித்துச் சரிசெய்ய நேரம் கிடைத்தது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பல நாள் அலைந்தேன். வேலை செய்தவர் வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு பாய். எழுபதைத் தாண்டியவர். எல்லாவற்றையும் பளபளவென்று குரோமியம் பூசிவிடலாம் என்று பலர் யோசனை சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “புதுசு மாத்தறது யாருக்கு வேணா வரும் சார். எதைக் கழட்டக்கூடாதுன்னு தெரியணும்” என்றார். கோயில் திருப்பணி என்ற பெயரில் கருங்கல் சுவரில் மணலை வீசி அடித்துக் கல்வெட்டைத் தேய்த்த கதை நமக்குத் தெரியும். வண்டிக்கும் அதுதான். டாங்கில் கையால் இழுத்த தங்க நிறக் கோடு கொஞ்சம் மங்கியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம். தேய்ந்த புஷ், பேரிங், பிஸ்டன் ரிங், வயரிங் இவற்றை மட்டும் மாற்றினோம்.

இப்போது ஒரு கேள்வி வந்திருக்கிறது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது கடந்து அசல் உருவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. இல்லையென்றால் எல்லாப் பழைய வண்டியையும் போல ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணமும் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நான் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஓடாத இன்ஜினுக்குள் துரு ஏறும், ரப்பர் காயும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படியும். அதைவிட முக்கியம், ஓடுகிற வண்டி இருந்தால்தான் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும், அவரிடம் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவார்கள். பாயின் பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பழைய திருகுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தாது என்பதுகூட இப்போது வரும் மெக்கானிக் பலருக்குப் புதிய செய்தி.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்து, பாயின்ட் இடைவெளி வைப்பதிலிருந்து கிளட்ச் பிளேட் மாட்டுவது வரை அவர் சொல்வதை ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறேன். இதுவரை 43 பக்கம் ஆகியிருக்கிறது. கியர் பெட்டி இன்னும் பாக்கி.