ஏணி போட்டு மீன் பிடிக்கிற ஏரி

ஏணி எதற்கு? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க. பரண்மேல் ஏற. மீன் பிடிக்க ஏணி வேண்டும் என்றால் சிரிப்போமா, மாட்டோமா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலம். ரீனோ நகரத்துக்கு வடகிழக்கே பொட்டல் பாலைவனம். நடுவே நீலமாக ஓர் ஏரி. பெயர், பிரமிட் ஏரி. குளிர்காலத்தில் போய்ப் பார்த்தால் கரையோரத் தண்ணீருக்குள் வரிசையாக ஏணிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் ஆள், கையில் தூண்டிலோடு. கொஞ்ச தூரத்தில் தரை சட்டென்று பள்ளமாகிவிடும். பெரிய ட்ரவுட் மீன்கள் அந்த விளிம்போரமாகத்தான் ரோந்து வரும். உயரத்தில் நின்றால் தூண்டிலை அதுவரை வீசலாம். குளிரில் கால் விறைக்காது என்பது உபரி லாபம்.

விஷயம் அதுவல்ல. இங்கே மீன் பிடிக்கவும் கூடாரம் அடித்துத் தங்கவும் அனுமதிச் சீட்டு கொடுப்பது மாநில அரசு இல்லை. பையூட் பழங்குடி மக்கள். ஏரி அவர்களுடையது.

1844 ஜனவரியில் ஜான் ஃப்ரீமான்ட் என்கிற ராணுவ அதிகாரி ஊர்சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். தண்ணீருக்கு நடுவே கூம்பாக ஒரு பாறை. 'பிரமிட்' என்று பெயர் வைத்துவிட்டார். பையூட்கள் அவருக்கு ட்ரவுட் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் அவரது ஆட்களும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள்.

1859ல் ஏரியும் சுற்றியுள்ள நிலமும் பையூட்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. நிலத்தை ஒதுக்கியாகிவிட்டது. தண்ணீர்?

இந்த ஏரிக்கு வாய்க்கால் ஒன்றுதான். ட்ரக்கீ ஆறு. வந்த தண்ணீர் வெளியே போகவும் வழி கிடையாது, வெயிலில் ஆவியாகித்தான் போகவேண்டும். ஆற்றில் கை வைத்தால் ஏரி காலி. 1905ல் கை வைத்தார்கள். பாலைவனத்தில் விவசாயம் செய்யப்போகிறோம் என்று டெர்பி அணையைக் கட்டி, ஆற்றில் பாதிக்குப் பாதி தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் என்ன? ஏரி 80 அடிக்குமேல் இறங்கியது. பக்கத்திலிருந்த வின்னமுக்கா ஏரி 1930களின் முடிவில் அடியோடு வற்றிவிட்டது. ஆற்றின் வாயில் மணல்மேடு. ட்ரவுட் ஆற்றில் ஏறிப்போய் முட்டையிடுகிற மீன். வழி அடைபட்டால் வம்சம் எப்படித் தழைக்கும்? 1925ல் ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் என்கிற பையூட் இதே ஏரியில் பிடித்த ட்ரவுட் 41 பவுண்டு. பதினெட்டரை கிலோ! அது உலக சாதனை. அடுத்த இருபது வருடத்துக்குள் அந்த இனமே ஏரியில் இல்லை.

ஆற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று 1913ல் போட்ட வழக்கு 1944ல்தான் முடிந்தது. பையூட்களுக்கு விவசாயத்துக்குத் தண்ணீர் உண்டு. மீனுக்கு? ஒரு சொட்டு கிடையாது. காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்த ஜனங்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பு! இதில் வேடிக்கை, பையூட்களுக்காக வாதாடியது அரசாங்கம். விவசாயத் திட்டத்துக்காக வாதாடியதும் அதே அரசாங்கம்தான். பையூட்கள் விடவில்லை. மறுபடி கோர்ட், மறுபடி அலைச்சல். 1983ல் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. ஒருவழியாக 1990ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு சமரசத்துக்கு வழி செய்தது.

இதற்கிடையே வேறு ஏரிகளின் ட்ரவுட்டைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. பழைய பிரம்மாண்டம் மட்டும் வரவில்லை. பழைய இனம்தான் போய்விட்டதே.

போகவில்லை. 1970களில், யூட்டா எல்லையிலிருக்கிற பைலட் பீக் மலையில், தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஓர் ஓடை. அதில் சின்னச் சின்னதாகக் கொஞ்சம் மீன்கள். எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்டவை. பிற்பாடு மரபணுவைச் சோதித்தார்கள். சந்தேகமே இல்லை, பிரமிட் ஏரியின் வாரிசுகள்!

2006ல் அவற்றின் குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். ஓடையில் நோஞ்சானாகக் கிடந்த மீன் ஏரியில் ஒரே வாரிசையாகப் பெருத்தது. 2014ல் அது ட்ரக்கீ ஆற்றில் ஏறி முட்டையிட்டது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதல் முறை. 2020ல் டெர்பி அணையிலும் மீன் போக வழி செய்தாகிவிட்டது. அணை கட்டி 115 வருடம் கழித்து.

ஏணியில் ஏறுகிறவர் பையில் இருக்கும் அந்தச் சீட்டுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.